நந்தன் கதையும் கேட்டோர் மறுமொழியும்

ஒருவர் படைத்த கதையை இன்னொருவர் அன்பு மிகுதியால் எடுத்துக்கொண்டு, அதே மாந்தரை வைத்து மேலும் எழுதுவதை இந்நாளில் 'ரசிகப் புனைவு' என்கிறார்கள். கல்கியின் வந்தியத்தேவனைக் கொண்டு புதுக்கதை எழுதும் மாணவர்கள் நம்மிடையே உண்டு. இவர்களுக்குப் பெரும்பாலும் ஊதியம் இல்லை, பரிசும் இல்லை. மூலக்கதை தமதென்று உரிமை கொண்டாடவும் இயலாது. வாசித்தவர் ஒருவர் மெனக்கெட்டுச் சொல்லும் இரண்டு வரிதான் இவர்கள் பெறும் கூலி.

அந்த இரண்டு வரிக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி எம் நண்பர் குழுவில் எழுந்தது. பாராட்டுக்கு ஏங்குவது எழுதுகிறவனுக்கு அழகன்று என்றார் ஒருவர். மறுமொழி பெறாத கதை கிணற்றில் போட்ட கல் என்றார் மற்றொருவர். இவ்வழக்கைத் தீர்க்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்தான். அவ்விரு ஊர்களையும் சுற்றியே, ஒரே கதையை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பலர் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கேட்டவர்கள் ஏதோ ஒரு மறுமொழி சொல்லியிருக்கிறார்கள். அது நந்தன் கதை.

ஒரு பெயர் கதையான விதம்

சுந்தரர் திருவாரூரில் பாடிய திருத்தொண்டத்தொகை பதினோரு பாடல்களே கொண்டது. அடியார்களின் பெயர்ப்பட்டியல் என்றே அதனைச் சொல்லலாம். திருநாளைப்போவார் என்ற பெயர் அதில் ஒரு தொடராக வந்து போகிறது. அவர் யார், எவ்வூரார், ஏன் அப்பெயர் பெற்றார் என்பதற்கெல்லாம் அங்கே விடை இல்லை.

சிதம்பரத்துக்கு அருகே, இன்றைய காட்டுமன்னார்கோயில் வட்டத்தில் உள்ள திருநாரையூரைச் சேர்ந்தவர் நம்பியாண்டார் நம்பி. சுந்தரரின் பட்டியலில் மனம் பறிகொடுத்த அவர், ஒவ்வோர் அடியாருக்கும் ஒரு பாடலாகத் திருத்தொண்டர் திருவந்தாதியை இயற்றினார். திருநாளைப்போவாரின் ஊர் ஆதனூர் என்பதும், தில்லை மூவாயிரவர் அவரைக் கைகூப்பினர் என்பதும் அங்கே சேர்கின்றன. பின்னர் வந்த சேக்கிழார், அந்த ஒரு பாடலை ஏறத்தாழ நாற்பது பாடல்களாக விரித்தார். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் கொடுத்து வந்த தொழில், திருப்புன்கூரில் நந்தி விலகியது, 'நாளைப் போவேன்' என்று நாள் கடத்திய ஏக்கம், தில்லை எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்து நின்ற தயக்கம், இறுதியில் தீப்புகுந்து முனிவராய் எழுந்தது ஆகிய அனைத்தும் சேக்கிழாரிடமே முழு வடிவம் பெறுகின்றன.

பட்டியல் அந்தாதியாயிற்று, அந்தாதி காப்பியமாயிற்று. முன்னவர் எழுதியதன் மேல் கொண்ட பற்றே பின்னவரை எழுத வைத்தது. இதனை இன்றைய பெயரால் அழைக்கச் சிலர் கூசக்கூடும். ஆயினும் செயல் ஒன்றுதான்.

அரங்கும் பாயிரமும்

பெரியபுராணம் அரங்கேறிய வரலாற்றைச் சொல்வது உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகக் கருதப்படும் சேக்கிழார் புராணம். அதன்படி, இரண்டாம் குலோத்துங்கன் எனப் பெரும்பாலோர் கொள்ளும் அநபாய சோழன் சீவக சிந்தாமணியில் திளைத்திருந்தான். அமைச்சராயிருந்த சேக்கிழார் அவனைச் சிவனடியார் வரலாற்றின் பக்கம் திருப்பினார். தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கிய அரங்கேற்றம், மறு சித்திரைத் திருவாதிரையில் நிறைவுற்றது. முடிவில் நூலையும் ஆசிரியரையும் யானைமேல் ஏற்றி, அரசன் தானே பின்னிருந்து கவரி வீசினான் என்கிறது அந்நூல். எழுதியவருக்கு அரசனே விசிறியான காட்சி இது!

இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு பக்தி என்ற ஆராய்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். நமக்கு வேண்டியது வேறு. ஒரு நூல் ஏட்டில் எழுதி முடிக்கப்பட்டதும் முற்றுப்பெற்றதாக நம் முன்னோர் கருதவில்லை. அவையில் படிக்கப்பட்டு, கேட்டோர் தடை எழுப்பி, ஆசிரியர் விடை சொல்லி, அவை ஏற்ற பின்னரே அது நூலாயிற்று. சிறப்புப்பாயிரம் என்ற வழக்கமும் அத்தகையதே. தன்னைத் தானே புகழ்வது தகாது என்பதால், ஆசிரியரும் உடன் பயின்றவரும் மாணாக்கரும் உரைகாரரும் அதனைச் செய்வர் என நன்னூல் நான்கு வகையினரைக் குறிக்கிறது. மறுமொழி சொல்வது வாசகரின் பெருந்தன்மையைப் பொறுத்த உபகாரமாக இல்லை. நூலின் ஓர் உறுப்பாகவே இருந்தது.

மாயூரத்துத் திண்ணை

இனி நாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருவோம். மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். இசைவல்லவர், இல்லறம் ஏற்காதவர். சேக்கிழாரின் நந்தனை எடுத்துக்கொண்டு அவர் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை, மூலத்தில் இல்லாத பலவற்றை உட்கொண்டிருந்தது. அவற்றுள் தலையாயது வேதியர் என்னும் பாத்திரம். சேக்கிழாரின் நந்தனுக்கு எசமானர் என எவரும் இல்லை. அவரைத் தடுத்தது பிறப்பு பற்றிய எண்ணமே. பாரதியாரோ, நந்தனைப் பண்ணையில் உழலும் ஆளாக்கி, அவருக்கு மேல் ஒரு வேதிய நிலக்கிழாரை நிறுத்தினார். சிதம்பரம் போக விடை கேட்டு ஆள் நிற்பதும், ஆண்டை மறுப்பதும், நாற்பது வேலிப் பயிர் வேலையை முடித்துவிட்டுப் போ என்பதும், அது ஒரே இரவில் முடிந்து கிடப்பதும் பாரதியாரின் கற்பனைகளே.

கண்முன் இருந்த தஞ்சைப் பண்ணைகளின் நடப்பை அவர் பழங்கதைக்குள் கொண்டுவந்து வைத்தார் என்பதே நம் கருத்து. கேட்ட மக்கள் அதை உடனே இனங்கண்டுகொண்டனர். நொண்டிச்சிந்து போன்ற நாட்டு மெட்டுக்களும் அவர்களை ஈர்த்தன. காரைக்காலில் இருந்த சீசே என்னும் பிரெஞ்சு அதிகாரி இதில் ஈடுபட்டு, நூல் அச்சேற உதவினார். 1860-களின் தொடக்கத்தில் அது வெளிவந்தது.

ஆயினும் பாரதியார் ஒருவரின் சொல்லுக்காகக் காத்திருந்தார். அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. இந்நிகழ்ச்சியை நமக்குச் சொல்பவர் உ. வே. சாமிநாதையர். பிள்ளையவர்களிடம் தமிழும், இளமையில் பாரதியாரிடம் சிறிது இசையும் பயின்ற அவர் இருவரையும் நன்கறிந்தவர்.

சிறப்புப்பாயிரம் வேண்டி வந்த பாரதியாருக்குப் பிள்ளையவர்கள் இசையவில்லை. கதை பெரியபுராணத்தோடு முரண்படுகிறது என்பது ஒரு காரணம். இலக்கணப் பிழைகள் மலிந்துள்ளன என்பது மற்றொரு காரணம். இரண்டுமே உண்மைதான். பிள்ளையவர்கள் சேக்கிழார்மேல் பிள்ளைத்தமிழ் பாடியவர். பெரியபுராணத்தைப் பாடஞ்சொல்லி வாழ்ந்தவர். தாம் நேசிக்கும் நூலில் பிறர் கைவைத்தால் பொறுக்காத வாசகரை நாம் எல்லாக் காலத்திலும் காண்கிறோம். அவர் நேரடியாக மறுக்கவும் இல்லை. பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். பாரதியாரோ சலிக்காமல் நடந்தார். 'நாளைப் போவேன்' என்று காத்துக் கிடந்தவரின் கதையைப் பாடியவருக்கும் நாளை, நாளை என்றே நாள்கள் கழிந்தன.

ஒருநாள் நண்பகலில் பாரதியார் மாயூரத்தில் இருந்த பிள்ளையவர்களின் இல்லத்துக்கு வந்தபோது, அவர் உணவுக்குப்பின் உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனமின்றித் திண்ணையில் அமர்ந்த பாரதியார், தம்முடைய கீர்த்தனை ஒன்றைத் தமக்குத்தாமே பாடத் தொடங்கினார். எவர்க்கும் காட்டுவதற்காக அன்று, பொழுது போக்குவதற்காகவே. உள்ளே விழித்துக்கொண்ட பிள்ளையவர்கள் படுத்தபடியே கேட்டார். பாட்டில் இருந்த பக்தி அவரை உருக்கியது. எழுந்து வெளியே வந்து, அதுவரை தட்டிக்கழித்த பாயிரத்தை இயற்றித் தந்தார்.

இங்கே நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். பிள்ளையவர்கள் பிழைகளைப் பிழையல்ல என்று மாற்றிச் சொல்லவில்லை. சேக்கிழாரிடம் வேதியர் இல்லை என்பதும் மாறிவிடவில்லை. ஏட்டில் கண்ணை ஓட்டியபோது அவருக்குத் தென்படாத ஒன்று, காது கொடுத்தபோது தென்பட்டது, அவ்வளவே. இசைக்கு எளிதில் இளகுகிறவர் அல்லர் அவர். மாணவர் சாமிநாதையர் இசை பயில்வதையும் அவர் விரும்பவில்லை. தம் சுவைக்கு மாறான ஒன்றைக் கேட்டு, அதன் தரத்தை உணர்ந்து, தம் பெயரை வைத்துச் சொன்னாரே, அதுதான் அப்பாயிரத்தின் மதிப்பு.

கேளாத செவிகள்

இதற்கு நேர்மாறான காட்சியை அதே காலத்தில் கடலூர் கண்டது. இராமலிங்க அடிகளின் பாடல்கள் 1867-இல் திருவருட்பா என்ற பெயரில் வெளிவந்தன. தேவார மூவரை வழிபட்டு, அவர்கள் நடையில் தோய்ந்து எழுந்த பாடல்கள் அவை. முன்னோர் பாடலுக்கே உரிய பெயரை இவற்றுக்குச் சூட்டுவதா என்று வெகுண்டார் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். பெரியபுராணத்தை 1852-இலேயே வசனமாக்கி வெளியிட்டவர். சிதம்பரத்தில் 1864-இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவர். மறுப்பும் மறுப்புக்கு மறுப்புமாகத் துண்டுநூல்கள் பறந்தன. பழிச்சொல் பற்றிய வழக்காகி, 1869-இல் அது கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தின் படியேறியது. நூலைப் பற்றிய பேச்சாகத் தொடங்கியது ஆளைப் பற்றிய ஏச்சாக முடிந்தது. இரு பெருமக்களும் நம் வணக்கத்துக்குரியவர்கள். ஆனால் அந்தத் துண்டுநூல் மழையால் ஒரு பாடல் திருந்தியதாகவோ, ஒரு புதுப்பாடல் பிறந்ததாகவோ நமக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடமாய் எழுந்த மறுமொழி

இதுவரை நாம் கண்ட மறுமொழிகள் அரசனுடையவை, புலவருடையவை, சமய அறிஞருடையவை. நந்தன் யாருடைய குலத்தில் பிறந்தாரோ அவர்கள் என்ன சொன்னார்கள்?

ஆரணிப் பகுதியில் 1890-இல் பிறந்து, துறவு பூண்டு, சிதம்பரத்தைத் தம் இடமாக்கிக்கொண்டவர் சுவாமி சகஜானந்தர். அவர் 1916-இல் அங்கே ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்காக ஒரு கல்வி நிறுவனத்தைத் தொடங்கியபோது அதற்கு இட்ட பெயர் நந்தனார். பின்னர் சட்டமன்றத்திலும் இடம்பெற்று, 1959-இல் மறையும் வரை அப்பணியைத் தொடர்ந்தார். நந்தன் ஊருக்குள் நுழையத் தயங்கி எல்லையைச் சுற்றினார் என்பது புராணம். அதே ஊரில் அவர் பெயரால் பள்ளி கட்டி, அவர் வழிவந்த பிள்ளைகளை உள்ளே அமர்த்தினார் சகஜானந்தர். நந்தன் கதைக்கு எழுந்த மறுமொழிகளுள் தலைசிறந்தது எது என்று நம்மைக் கேட்டால், தயங்காமல் இதையே சொல்வோம். நந்தன் தெற்கு வாயில் வழியே தில்லைக் கோயிலுக்குள் சென்றார் என்ற நம்பிக்கையின் பேரில், அவ்வாயிலைத் திறக்க வேண்டும் என்ற கோரிக்கை நம் காலத்திலும் எழுந்தது. கதை இன்னும் வாசிக்கப்படுகிறது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

கதையாலேயே மறுமொழி சொன்னவர்களும் உண்டு. கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் 1906-இல் பிறந்த புதுமைப்பித்தன், 'புதிய நந்தன்' என்ற சிறுகதையை எழுதினார். ஆதனூரே களம், காந்தியடிகளின் காலம். இறுதியில் ரயில் மோதி மூவரின் இரத்தம் ஒன்றாய்க் கலக்க, இவர்களுள் நந்தன் யார் என்ற கேள்வியோடு கதை நிற்கிறது. சேக்கிழாருக்கும் பாரதியாருக்கும் சேர்த்து அவர் சொன்ன கசப்பான மறுமொழி அது. இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகமோ, தீக்குளிப்பை அற்புதமாகக் காட்டாமல் சாதி ஆதிக்கத்தின் சூழ்ச்சியாகவே காட்டியது. அந்நாடகத்தில் பாரதியாரின் குரலும் கேட்கிறது; அதை எதிர்க்கும் குரலும் கேட்கிறது.

கடிதம் எழுதிய வாசகர்கள்

அச்சு பரவிய பின் மறுமொழி அஞ்சல் வழியே வந்தது. அதன் வலிமைக்கு இரண்டு சான்றுகள் போதும்.

ஆதனூருக்கு அப்பால், இதே மாவட்டத்தின் வீரநாராயண ஏரிக்கரையில்தான் பொன்னியின் செல்வன் தொடங்குகிறது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த அது முடிந்ததும், வாசகர்கள் நிறைவு கொள்ளவில்லை. அவன் என்ன ஆனான், அவள் என்ன ஆனாள் என்று கேட்டனர். கல்கி ஒரு முடிவுரை எழுதி விடையளித்தார். ஆயினும் அந்தத் தாகம் தணியவில்லை. விக்கிரமன் அதே மாந்தரைத் தொடர்ந்து 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார்.

மற்றொரு சான்று, கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்த ஜெயகாந்தன். 1966-இல் ஆனந்த விகடனில் வந்த அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' தமிழகத்தையே இரண்டுபடுத்தியது. காரில் ஏற்றிச் சென்றவனால் கெடுக்கப்பட்டு வந்த மகளைத் தாய் நீராட்டி, நீ தூயவள் என்று சொல்லி அணைத்துக்கொள்கிறாள். இப்படி ஒரு தாய் உண்டா என்றனர் பலர். ஜெயகாந்தன் எதற்கும் அஞ்சாதவர். யாருக்காகவும் தம் கதையைத் திருத்துகிறவர் அல்லர். அவரே அந்தக் கேள்வியை விட்டுவிடாமல் எடுத்துக்கொண்டார். தாய் அவ்வாறு செய்யாமல் ஊரறியக் கூச்சலிட்டிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள்? 1970-இல் நூலாக வந்து, 1972-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்' அதற்கான விடை. அந்நாவலில் கங்கா, தன் வாழ்வை ஒத்த கதையை ஒரு பத்திரிகையில் படிக்கிறாள். அதை எழுதியவரும் கதைக்குள் ஒரு பாத்திரமாய் வருகிறார். தம் கதைக்கே தாம் ரசிகப் புனைவு எழுதியவர் என்று ஜெயகாந்தனைச் சொன்னால் பிழையாகுமா? வாசகர் கேட்டிராவிட்டால் அந்தச் சிறுகதை சிறுகதையாகவே நின்றிருக்கும்.

தீர்ப்பு

எம் நண்பர்களின் வழக்குக்கு வருவோம். பாராட்டுக்கு ஏங்குவது அழகன்று என்றவர் சொன்னது ஓரளவு சரி. சகஜானந்தர் கட்டிய பள்ளி பாராட்டு அன்று. புதுமைப்பித்தன் எழுதியதும் பாராட்டு அன்று. மஞ்சக்குப்பத்துத் தாய் ஒருத்தியையோ ஜெயகாந்தனின் தாயையோ நம்ப மறுத்த வாசகரும் பாராட்டவில்லை. ஆயினும் இவர்கள் எல்லோரும் கதையை முழுமையாகக் கேட்டவர்கள். கேட்டபின் சும்மா இராதவர்கள். எழுதுகிறவர் ஏங்குவது புகழுக்கு என்று நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். அவர் ஏங்குவது, தம் குரல் மறுபுறம் போய்ச் சேர்ந்தது என்ற ஒரு சைகைக்கே. அது போய்ச் சேராவிட்டால், பிறர் கதையின் மேல் கொண்ட அன்பினால் எழுதியவர்க்கு அந்த அன்பே வீண் என்று தோன்றிவிடும். தம் சொந்தக் கதையை எழுதியவராவது அது தமதென்று ஆறுதல் கொள்ளலாம். இவருக்கு அதுவும் இல்லை.

சுந்தரரின் ஒரு தொடரை நம்பி கவனியாது போயிருந்தால் ஆதனூர் நமக்குத் தெரியாது. நம்பியின் ஒரு பாடலைச் சேக்கிழார் கவனியாது போயிருந்தால் நந்தனின் ஏக்கம் நமக்குத் தெரியாது. பாரதியார் எத்தனையாவது முறையாகவோ மாயூரத்துக்கு நடந்துவந்த அந்த நண்பகலில், பிள்ளையவர்கள் புரண்டு படுத்து மீண்டும் உறங்கியிருக்கலாம். அவர் எழுந்து திண்ணைக்கு வந்தார். அடுத்த முறை யாரேனும் ஓர் இளம்பிள்ளை, தான் நேசிக்கும் கதையை ஒட்டித் தான் எழுதியதைத் தயங்கித் தயங்கி நம்மிடம் நீட்டும்போது, பிழைகளை எண்ணத் தொடங்கும் முன் நாமும் ஒருமுறை எழுந்து திண்ணை வரை வரலாம்.